எப்பக்கம் திரும்பினாலும் ப

"முனிலட்சுமியக்கா, கம்ப்யூட்டர்ல இந்தச் சண்டக்காரிய இடப்பக்கம் திருப்புனா, சட்டையில இருக்கிற 'ச' கண்ணாடில பாக்கிற மாதிரி வருது. நூத்தம்பது படமும் வீணா?" என்றாள் வினோதா.

"எழுத்த மட்டும் மாத்து. 'ப' போடு. எப்பக்கம் திரும்பினாலும் அது ப தான்."

"இவ பேரு சக்தியாச்சே?"

"பவானின்னு வெய்யி. பவானி அடிச்சா வலிக்காதா என்ன?"

2007. ஓசூர் வால்வு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் முனிலட்சுமி, கணினிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்குக் கையாலேயே படம் வரைந்தார். வினோதா அவற்றை ஸ்கேன் செய்தாள். விளையாட்டைத் தயாரித்த பெங்களூர் நிறுவனம் ஒரு படத்தைக்கூடத் தள்ளவில்லை. படத்தொகுப்பைத் தனிக் குறுந்தகடாகவும் வெளியிட்டது.

அதன் அட்டையை வினோதா வடிவமைத்தபோது முனிலட்சுமி கேட்டார்: "என் பேரப் பெரிசாப் போடு, வினோதா. கம்பெனி பஸ்ல எட்ட நிக்கிறவளுக்கும் தெரியணும்."