சுடுநீர்த் தாங்கியில் வடித்த பன்னீர்

2009இல் என் கணவர் வெம்பிளிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுடுநீர்த் தாங்கிகளைக் கழற்றிவிட்டுப் புது பொய்லர் பூட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். அப்படிக் கழற்றிய சின்னச் செம்புத் தாங்கி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்வளவுக் கொட்டிலில் வைத்து அறுத்துப் பானையாக்கத் தொடங்கினார். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்குப் பன்னீர் வடிக்கப் போகிறாராம். கடைப் போத்தலில் வருவது வெறும் எசென்ஸ் கலந்த தண்ணீராம்.

அவர் குடியை விட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. செம்புப் பானை, மூடி, வளைந்த குழாய். கள்ளச் சாராயமான கசிப்பைக் காய்ச்சுவதும் இதே மாதிரிச் சாமான்களில்தான் என்று தெரியாத பச்சைக் குழந்தையா நான்? காவல் காக்கத்தான் கொட்டிலுக்குப் போனேன். ஆனால் என் புத்தி எப்போதும் இப்படித்தான், வந்த வேலையை மறந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும்.

செம்புக் குழாயைச் சும்மா வளைத்தால் நசுங்கிவிடும் என்று அதற்குள் உப்பை இறுக்கி நிரப்பினார். பெயின்ட் தகரம் ஒன்றைச் சுற்றி மெல்ல மெல்ல வளைத்தார். உப்பைக் கழுவி எடுத்ததும் அழகான சுருள். நுனி வெளியே நிற்க அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினார். பானையில் எழும் ஆவி ஒரு இணைப்புக் குழாய் வழியே அந்தச் சுருளுக்குள் போய்க் குளிர்ந்து நீராக வேண்டும்.

முதல் முறை எங்கள் வளவு ரோசாப்பூக்கள் பானையின் அடியில் பிடித்துக் கருகின. சுருளின் நுனியில் ஆவிதான் புஸ்ஸென்று வந்தது. வாளியைத் தொட்டேன், கை சுட்டது. சூடான தண்ணீர் மேலேதானே நிற்கும், பச்சைத் தண்ணீரை அடியால் விட்டால் சூடானது மேலால் வழிந்துவிடாதா என்று கேட்டேன். அவர் போய் வாளியின் அடியில் ஓட்டை போட்டு ஹோஸ் பூட்டினார். அடி பிடிக்காமல் இருக்க, பூக்களை நான் இடியப்பத் தட்டில் பரப்பிப் பானைக்குள் தண்ணீருக்கு மேலே வைத்தேன்.

இரண்டாம் முறை சொட்டத் தொடங்கியது. விரலில் ஏந்தி முகர்ந்தேன். அசல் ரோசா வாசம். சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“இதுக்குள்ளை வேறை ஏதும் ஊத்தினா?”

“அதுவும் வரும்,” என்றார்.

அடுப்பை அணைத்தார். பானை ஆறும்வரை காத்திருந்தார். பிறகு பானையையும் சுருளையும் இணைக்கும் குழாயை மட்டும் கழற்றி, துடைத்து, என்னிடம் நீட்டினார்.

“இது இல்லாட்டி ஒண்டும் வடியாது. உம்மட்டையே இருக்கட்டும்.”

உங்களை நம்புகிறேன், இது எதற்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டுபோய் என் சேலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.