ஏழ்கரை நாட்டுச் சாமியாடி

தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், புடவைக்கு ஏற்ற பிளவுஸ் துணி விற்கும் மேட்சிங் சென்டர் ஒன்றைச் சுயம்புலிங்கம் முப்பது வருடமாக நடத்தி வருகிறார். அவருடைய மகன் சக்திவேலுக்கு முப்பத்து நான்கு வயது. புடவையின் முந்தானையை ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டிச் சரியான துணியை உருவிவிடுவான். ராமர் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே பதினோரு பச்சை இருக்கிறது என்பான். ஆனால் எந்தத் துணியை எவ்வளவு வாங்குவது என்று அவனிடம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. அதெல்லாம் அப்பா வேலை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பெசன்ட் நகர் கடற்கரையில் நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லியிருந்தான். மூன்று வருடமாக நடக்கிறான், தொப்பை மட்டும் ஒரு அங்குலமும் அசையவில்லை. அம்மா புஷ்பத்துக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

அவன் போனது அடையாறில் பூஜா வீட்டுக்கு. பூஜா ஒரு பல் மருத்துவர். அவளும், பெருங்குடியில் கணினி வேலை பார்க்கும் ராகேஷும், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் ஸ்ரீநாத்தும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சக்திவேல் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வாள் வெட்டியதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். கடை பத்து மணிக்குத் திறந்தாக வேண்டும் என்பதால், ஏழ்கரை நாட்டின் பூதங்கள் எல்லாம் ஒன்பதரைக்குள் செத்துவிட வேண்டும்.

ஏழ்கரை நாடு சக்திவேல் சொந்தமாக உண்டாக்கியது. விளையாடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பாத்திர வகைகளில் போர்வீரன், திருடன், மந்திரவாதி மூன்றையும் எழுதி முடித்திருந்தான். நான்காவதான சாமியாடிதான் இழுத்தடித்தது. இரண்டு தடவை எழுதினான், இரண்டு தடவையும் பூஜா ஒரே தீர்ப்புச் சொன்னாள்.

"இது சாமியாடி இல்லை சக்தி. உன் மந்திரவாதியே விபூதி பூசிக்கிட்டு வந்திருக்கான்."

மூன்றாம் தடவையாகக் கடை நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். அது ஆகஸ்ட் மாதம். அந்த நோட்டு ஒருநாள் சுயம்புலிங்கத்தின் கையில் சிக்கியது. அவர் படித்த பக்கத்தில் இப்படி இருந்தது:

"எதிரியின் குரலைக் கட்டுதல். தேவை: எலுமிச்சை ஒன்று, கரித்துண்டு ஒன்று, எதிரியின் தலைமுடி ஒன்று. பலன்: எதிரி மூன்று சுற்றுக்குப் பேச முடியாது. எதிரி வாசலில் எலும்பு புதைத்தல். பலன்: எதிரியின் படை பாதியாகும்."

எதிர்க்கடைக்காரர் துரைராஜ், "வாங்கக்கா, வாங்கம்மா" என்று தெருமுனை வரை கேட்கும்படி கூவுகிறவர். அவருக்குத் தொண்டை கட்டி அன்றோடு மூன்று நாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போதாக்குறைக்கு அவர் கடையிலிருந்த நான்கு விற்பனைப் பெண்களில் இரண்டு பேர் அதே வாரம் நின்றுவிட்டார்கள்.

சுயம்புலிங்கம் நோட்டை மூடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மகனைக் கிடங்குக்குள் கூப்பிட்டார்.

"ஏலே, அவன் நமக்குப் போட்டிதாம்லே. இல்லங்கல. அதுக்காவக் குரலைக் கட்டலாமாலே? அவனுக்கும் புள்ள குட்டி இருக்குல்லா?"

"அப்பா, அது விளையாட்டுப்பா."

"வெளாட்டா? முடிய எப்பம்ல எடுத்த? அவன் தலையில இருக்கதே நாலு முடிதானலே!"

விளக்க விளக்க விஷயம் மோசமானது. பகடையைக் காட்டினான், இருபது முகமுள்ள பகடையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் இன்னும் வெளுத்தது. கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலம்மாவிடம் புஷ்பம் மெல்ல விசாரித்தாள். தேனாம்பேட்டையில் பொன்னுரங்கம் என்று ஒருவர் செவ்வாய், வெள்ளியில் குறி சொல்கிறார், பில்லி சூனியமெல்லாம் அவர் கை வைத்தால் நிற்காது என்று அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். சக்திவேல் நடுவில்.

பொன்னுரங்கத்துக்குச் சக்திவேல் வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாசலில் இரண்டு பழைய ஃப்ரிட்ஜ்கள் வாய் திறந்து நின்றன. உள்ளே அம்மன் படம், வேப்பிலை, உடுக்கை. சுயம்புலிங்கம் நோட்டை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். பொன்னுரங்கம் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

"இன்னா நைனா, சாமி வந்தா அஞ்சு சுத்து நிக்கும்னு எழுதிக்கீறே? சாமி இன்னா ஷேர் ஆட்டோவா, நீ சொன்ன எடத்துல நின்னுக்கினு கீறதுக்கு?"

சக்திவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று வருடத்தில் ஏழ்கரை நாட்டைப் பற்றி இப்படி நேராக யாரும் கேட்டதில்லை.

"அப்ப எவ்ளோ நேரம்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதான் சாமி. அப்பால இது இன்னா, எலுமிச்சம்பழம் வச்சா வரம்? அது கடையில சில்லறை குடுத்து சாமான் வாங்கற கதைபா. நீ கூப்டுவே, அது வந்து தனக்கு இன்னா வோணும்னு கேக்கும். மூணு கேக்கும். நீ கையக் கால புடிச்சி ஒண்ணுல நிறுத்தணும். பேசத் தெரியாதவன் சாமியாடி பக்கத்துலயே நிக்கக் கூடாது."

சக்திவேல் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி எழுத ஆரம்பித்தான்.

"ஏங்க," என்றாள் புஷ்பம், கணவர் காதில். "பேய் ஓட்டக் கூட்டியாந்தா இவன் நோட்ஸ்லா எடுக்கான்?"

"சாமி போனதுக்கு அப்புறம் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டான் சக்திவேல்.

பொன்னுரங்கம் உடுக்கையின் கயிற்றை நிமிண்டிக்கொண்டிருந்தார். "யாரும் கேட்டதில்லபா இத்த. சாமி மலையேறிச்சுன்னா ஜனம் கும்புட்டுட்டு அப்டியே கெளம்பிடும். நான் தரையில கெடப்பேன். இன்னா சொன்னேன்னும் தெரியாது. ஒடம்பு அடிச்சிப் போட்டா மாதிரி இருக்கும். எவனாச்சும் ஒரு சொம்பு தண்ணி குடுத்தா அவந்தான் எனக்கு சாமி."

அதையும் சக்திவேல் எழுதிக்கொண்டான். சாமியாடிக்குக் கூட்டாளி ஒருவர் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எழ முடியாது என்று அது பின்னால் ஒரு விதி ஆயிற்று.

கடைசியில் பொன்னுரங்கம் பெற்றோர் பக்கம் திரும்பினார். "உங்க புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. பேயும் இல்ல, மந்திரமும் இல்ல. வெளாட்டு புத்தி கீது. அதுக்கு எங்கிட்ட வேப்பிலை கெடயாது." பிறகு சக்திவேலிடம் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு? நானும் வர்லாமா?"

துரைராஜுக்குப் புஷ்பம் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. "மூணு சுத்து முடிஞ்சிட்டு போல," என்று சுயம்புலிங்கம் முணுமுணுத்தார். அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கத் தானும் அடையாறுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

பொன்னுரங்கத்துக்குச் சாமியாடியைக் கொடுப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அய்ய, வாரத்துல ரெண்டு நாள் அதான் பண்ணிக்கினு கீறேன். எனக்குத் திருடன் குடு."

ஆகவே சாமியாடி பூஜாவிடம் போயிற்று. கதையில் ஏழ்கரை நாட்டின் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, கடந்தாக வேண்டும். பூஜா பகடையை உருட்டி ஆற்றம்மனை வரவழைத்தாள். அம்மனாகப் பேசியது சக்திவேல்.

"ஒரு சேவல் வேண்டும். ஒரு பட்டுப்புடவை வேண்டும். உங்கள் போர்வீரனின் ஆயுளில் பத்து வருடம் வேண்டும்."

"சரி, குடுத்துடறோம்," என்றாள் பூஜா.

"ஏய், அது என் ஆயுசு!" என்று கத்தினான் போர்வீரன் ராகேஷ்.

ஜன்னலோரத்தில் சுயம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, நில்லுங்க. கேட்ட வெலைக்கு மொத சொல்லுலயே சரின்னா யாவாரம் உருப்படுமா?" என்று மேசைக்கு வந்தார். மகனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தாயே, சேவல் தாரோம். அதுல பேச்சில்ல. பட்டு எதுக்குத் தாயே? நீங்க எந்நேரமும் தண்ணியில இருக்கிய, சாயம் எறங்கிரும், ஜரிகை கறுத்துரும். நல்ல காட்டன், ராமர் பச்சையில அரக்கு பார்டர், ஆத்துக்கு அதான் எடுக்கும். அந்தப் பையன் ஆயுச விட்டுருங்க. அவன் இன்னும் கலியாணமே பண்ணல. பொங்கலுக்குப் பொங்கல் இந்தக் கரையில படையல் போடுதோம். ஆளக் கொன்னுட்டா அப்புறம் யாரு தாயே வருவா?"

சக்திவேல் அப்பாவையே பார்த்தான். கடையில் ஒரு மீட்டர் துணியைப் பற்றிக்கூடத் தன்னைக் கலக்காத மனிதர், எதிரில் கைகூப்பித் தாயே என்கிறார். அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிற்று. அம்மனின் குரல் கொஞ்சம் கனத்தது.

"பட்டுப்புடவையையும் ஆயுளையும் விட்டேன். ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரை என் பக்தனை நீ கடைக்குக் கூப்பிடக் கூடாது."

சுயம்புலிங்கம் கூப்பிய கையை இறக்காமலே மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"தாயே, கடை விசயத்துல நீங்க தலையிடாதிய."

"பன்னிரண்டு."

"ஞாயித்துக்கெழம கூட்டம் உங்களுக்குத் தெரியாதா தாயே? பத்தரை."

"பதினொன்றரை. தவறினால் ஆறு வற்றாது."

"பதினொண்ணு. பார்டர் துணி நாலு விரக்கட கூடத் தாரேன்."

"சரி," என்றாள் ஆற்றம்மன்.

ஆறு வற்றியது. பொன்னுரங்கம் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இதாம்பா அசல். எங்க தெருவுலயும் இதே கதைதான். சாமி வந்தாத்தான் மருமவளுங்க மனசுல கீறது அத்தினியும் வெளிய வரும்."

பூஜாவுக்குத் தன் சாமியாடியின் வேலையை இன்னொருவர் பார்த்துவிட்டதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் விதி அங்கேயே பிறந்துவிட்டது. சாமி வந்ததும் பேரம் பேச வேண்டியது சாமியாடி அல்ல, கூட இருப்பவர்கள். சாமியாடியை ஆடுகிறவர் அந்த நேரம் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது தன் வாயால் என்னென்ன ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அவருக்கே தெரியாது. பூஜா இதை மறு வாரமே ஆடிப் பார்த்துவிட்டு, "இப்பதான் இவன் மந்திரவாதி இல்ல," என்றாள்.

அசோக் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அறுபது பக்கப் புத்தகமாக ஏழ்கரை நாடு அச்சாயிற்று. அதை வாங்கிய ஒருவர் மதுரையிலிருந்து, பாத்திரம் வளரும் முதல் ஐந்து நிலைகளுக்குச் சாமியாடியால் ஒரு எலியைக்கூட அடிக்க முடியவில்லையே என்று நீளமாகக் கேட்டு எழுதினார். சக்திவேல் கல்லாவில் உட்கார்ந்து அதைவிட நீளமாகப் பதில் எழுதினான். சுயம்புலிங்கம் பிறகு அடையாறுக்கு வரவில்லை. பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினால் மட்டும் போன் வரும்.

பொன்னுரங்கம் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. அவர் வந்து சேர்ந்த மூன்றாம் வாரமே அவருடைய திருடன் ஒரு கிணற்றில் விழுந்து செத்தான். அவர் அன்று காலைச் சாப்பாட்டுக்கு வைத்த வெண்பொங்கலைத் தொடவில்லை. வெகுநேரம் பகடையை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புதுத் தாளை இழுத்துச் சக்திவேலிடம் நீட்டினார்.

"அவனுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் கீறான். எழுதிக்கோ. இவனுக்கு நீச்சல் தெரியும்."