முடியில் வெந்த முட்டை

ஷாம்பு பாட்டிலில் ‘புரோட்டீன் சேர்த்தது’ என்று போட்டிருந்தது. முகர்ந்தால் பூ வாசனை. புரோட்டீன் முடிமேல் பூச்சாக நிற்குமே தவிர, வேருக்குப் போகாது. அம்மாவுக்கு அது தெரியாது.

எண்பதுகளில், குரோம்பேட்டையில், டைஃபாய்டுக்குப் பிறகு அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. “முடிக்கு புரோட்டீன் வேணும்க்கா, தேய்ச்சுக்குங்க,” என்று பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி இரண்டு முட்டை கொடுத்தார். எங்கள் சைவ வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. அப்பா ஆபீஸ் போனதும் அம்மா தேய்த்துக்கொண்டாள். காய்ச்சல் விட்ட உடம்பாயிற்றே என்று, நல்ல சூட்டோடு வெந்நீரை ஊற்றிக்கொண்டாள். முட்டை முடியிலேயே வெந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

“இருக்கற முடியும் போயிடுமோன்னு பயந்துட்டேங்க,” என்று அம்மா அழுதாள்.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னால் உட்கார்ந்து, வெந்த துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியில் சொன்னார்:

“அடுத்த தடவை பச்சத் தண்ணில அலசு.”