இணைச்சீருக்கு நேரத்தில் வந்தவள்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் எங்கள் கோயமுத்தூர் ஜனம் வீட்டில் தங்காது. ஊட்டி, வால்பாறை, பழனி என்று கிளம்பிப் போய், பாதி விடுமுறையை நடுரோட்டில் முன்னால் நிற்கிற காரின் நம்பரைப் படித்தே கழிக்கும். அந்த நாட்களில் சண்முகப்பிரியாவின் போன் ஓயவே ஓயாது. "ஏனுங்க ப்ரியா, எந்தத் தடத்துல போனா சீக்கிரம் போலாம்?" என்று ஆபீஸில் பாதிப் பேர் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

கருமத்தம்பட்டியில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் பொற்கொடி, துணியின் தரம் பார்க்கிறவள். அவள் சரக்கு அனுப்புகிற பிரிவு. நாள் முழுக்க லாரி டிரைவர்களோடு பேசிப் பேசி, எந்த ரோடு எப்போது அடைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கோ பொறுமை நீளம். அந்தப் பொறுமைதான் அவளைக் கெடுத்தது என்று இன்றைக்கும் அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன்.

போன மே மாதம் அவள் குடும்பத்தோடு நானும் ஊட்டி போனேன். பர்லியார் தாண்டியதும் வண்டி நகரவே இல்லை. பக்கத்துக் கார்க்காரன் குறுக்கே நுழைந்தான் என்று அவள் தம்பி மனோஜ்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். அவள் என்ஜினை அணைத்தாள். தக்காளிச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். "சண்டை போட்டா ரோடு அகலமாயிருமா? ஏறி உக்காந்து சோறு தின்னு கண்ணு" என்றாள். அவ்வளவுதான், அவனும் ஏறி உட்கார்ந்து தின்றான். வம்புக்கு வந்த அந்தப் பக்கத்துக் காரின் குழந்தைகளுக்கும் ஒரு தட்டுப் போனது. ஹாரன் அடித்து நான் அவளைப் பார்த்ததே இல்லை.

அவள் பிறந்த வீடு கோபிசெட்டிபாளையம். கல்யாணம் செய்துகொடுத்த இடம் சரியில்லை. கோர்ட் வரை போய்ப் பிரிந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஊரில் எந்த விசேஷம் என்றாலும் வெற்றிலைத் தட்டு அவளைத் தாண்டித்தான் போகும். கார் சாவி மட்டும் நேராக அவள் கைக்கு வரும். யாரை எங்கிருந்து கூட்டி வரவேண்டும் என்றாலும் ப்ரியாதான். நான் அந்த வீட்டு மனிதர்களிடம் எதையும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. என்னைப் போன்ற வேற்று ஜாதிக்காரிக்கு எந்த மூலையில் நாற்காலி போடுவார்கள் என்று தெரிந்தேதான் போவேன். ஆனால் அவள் பெற்ற தாயை நம்பினாள், கூடப் பிறந்தவனை நம்பினாள். அதிலென்ன தப்பு?

இந்தக் கார்த்திகையில் மனோஜுக்குக் கல்யாணம் முடிவானது. சங்ககிரிப் பக்கத்துப் பெண். அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தான். "அக்கா, நீதான் எனக்கு இணைச்சீர்காரி. வேற ஆரும் நிக்கக்கூடாது" என்றான்.

இணைச்சீர் என்றால் எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் சின்ன விஷயம் இல்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள். வரப்போகிறவளுக்கான கூறைச் சேலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். இவள் எங்கள் வீட்டுப் பெண், இவளுக்கு இங்கே என்றைக்கும் உரிமை உண்டு என்று ஊர் பார்க்கச் சொல்வது அது. கேண்டீனில் இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நின்னுட்டேன்னா போதும் பொற்கொடி. அப்புறம் ஒருத்தரும் என்னையத் தாண்டித் தட்டு நீட்ட மாட்டாங்க" என்றாள். அந்த ஒரு நாளுக்காக மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்தாள்.

கல்யாணம் குடியரசு தினத்தோடு சேர்ந்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு இணைச்சீர். சனிக்கிழமை காலையில் அவள் அம்மா போன் செய்தார். "பெரியப்பனும் பெரியம்மாளும் மெட்ராஸ்ல இருந்து பிளேன்ல வாராங்க. மத்தியானத்துக்கு மேல எறங்குவாங்க. இந்தக் கூட்டத்துல உன்னைய உட்டா ஆரு கண்ணு கூட்டியாருவா? ஏழு மணிக்குத்தான சீரு. தாராளமா வந்தர்லாம்."

உடை மாற்ற நேரம் இருக்காது என்று பட்டைக் கட்டிக்கொண்டுதான் காரை எடுத்தாள். துணைக்கு நானும் ஏறினேன். விமானம் தாமதமாக வந்தது. பெரியப்பா அழகிரிசாமியையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டுக்கு வந்தால், அடேங்கப்பா! நீலாம்பூரிலிருந்து கண்ணுக்கெட்டிய வரை வண்டிதான். கூரையில் பெட்டி கட்டிய கார்கள், கேரளா பஸ்கள், ஜன்னலில் துண்டு காயப் போட்ட டூரிஸ்ட் வேன்கள். எங்களைத் தாண்டி ஒரு பெரியவர் நடந்தே போனார்.

"நாங்க டாக்ஸி புடிச்சுக்கறோம்னுதான் சொன்னோம் கண்ணு" என்றார் பெரியப்பா. "உங்கம்மாதான் ப்ரியாவே வந்தாகோணும்னு ஒத்தக் கால்ல நின்னா."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு ஒன்றும் படவில்லை. "டாக்ஸிக்காரன் தடந்தெரியாம சுத்துவான்னு அம்மாளுக்குப் பயமுங்க பெரியப்பா" என்று சிரித்தாள்.

கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டுக் கிராமத்துத் தடத்தில் இறக்கினாள். கருவலூருக்குச் சற்று முன்னால் தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சிக்கி நிற்க, இரண்டு பக்கமும் வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எல்லோரும் ஹாரன் அடித்தார்களே தவிர ஒருத்தனும் இறங்கவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இவள் இறங்கினாள். "அண்ணா, நீங்க கொஞ்சம் பின்னால எடுங்க. நல்லாருப்பீங்க, எனக்கு எந்தம்பி கல்யாணமுங்க" என்று ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கேட்டாள். முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பின்னால் எடுத்தார்கள். லாரி நிமிர்ந்தது. சேவூர், நம்பியூர் என்று பறந்து கோபி மண்டபத்து வாசலில் காரை நிறுத்தியபோது ஏழு மணிக்கு இன்னும் வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. "பாத்தியா!" என்று என் தொடையில் தட்டினாள். குழந்தை மாதிரி சந்தோஷம் அவளுக்கு.

உள்ளே போனோம். போட்டோக்காரர் விளக்குகளை மடக்கிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து அவள் சித்தப்பா மகள் ரித்திகா இறங்கி வந்தாள். போன வருடம் கல்யாணமான பெண். புதுப்பட்டு, கழுத்து நிறைய நகை.

"இணைச்சீர் இப்பத்தானுங்க முடிஞ்சுது. கொஞ்சம் முன்னால வந்திருந்தாப் பாத்திருக்கலாம்" என்று யாரோ ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்.

ப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். அவள் அம்மா வேகமாக வந்தார். "நேரம் நல்லாருக்குது, இப்பவே முடிச்சர்லாம்னு பெரியவங்க சொல்லிப்போட்டாங்க கண்ணு. நீ எங்க டிராபிக்ல மாட்டிக்கிட்டயோன்னு..."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லங்கம்மா?"

நான் ரித்திகாவின் ஜாக்கெட்டைப் பார்த்தேன். இரண்டு கையிலும் மயில், முதுகு முழுக்கக் கொடி, அத்தனையும் கையால் போட்ட ஆரி ஒர்க். என் தங்கை அந்த வேலைதான் செய்கிறாள். முகூர்த்த மாதத்தில் அதை ஒரே நாளில் யாரும் போட்டுத் தர முடியாது. "ஜாக்கெட் ஜோரா இருக்குது அம்மணி. எப்பக் குடுத்தது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கள்ளம் கபடம் தெரியாது. "மார்கழிலயே ப்ரியாக்காவோட அம்மா அளவெடுக்கச் சொல்லீட்டாங்கக்கா. நீதான் இணைச்சீருக்கு நிக்கறேன்னு அப்பவே சொன்னாங்க" என்றாள்.

அட பாவிகளா! மார்கழியில் இங்கே ஒருத்திக்கு அளவெடுத்துவிட்டு, அங்கே ஒருத்தியைப் பட்டு எடுக்க வைத்திருக்கிறார்கள். ப்ரியா கத்தவில்லை. மாலையோடு நின்ற தம்பியிடம் போனாள்.

"மனோஜு, உனக்குத் தெரியுமா?"

அவன் தலை நிமிரவில்லை. "பொண்ணூட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்கன்னு அம்மா சொன்னாங்கக்கா. நேரா வேண்டாம்னு சொன்னா உனக்கு மனசு ஒடஞ்சு போகும். டிராபிக்ல லேட்டாயிருச்சுன்னா உனக்கும் கௌரவமா இருக்கும்னுதான்..."

"அதுக்குத்தான் என்னையக் கொண்டுபோய் ரோட்டுல உட்டீங்களா?"

அப்போது பார்த்து அம்மாவின் போன் அடித்தது. பெண் வீட்டார் வந்த வேன் பவானிக்கு முன்னால் ஹைவேயில் மாட்டிக்கொண்டதாம். மேப்பை நம்பிப் பெருந்துறை சுற்றி வரப் பார்த்திருக்கிறார் டிரைவர். அங்கே வண்டி அசையவே இல்லையாம். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? போனை ப்ரியாவிடமே நீட்டினார். "நீயே தடஞ்சொல்லு கண்ணு. உன்னாலதான் ஆகும்."

நானாக இருந்தால் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். அவள் வாங்கினாள். ஹைவேயை விட்டுப் பவானி ஊருக்குள் இறங்கச் சொல்லி, கவுந்தப்பாடி வரை லைனிலேயே இருந்து வழி சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மறு கை மட்டும் பட்டு முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

வேன் வந்தது. மணப்பெண் இறங்கியதும் நேராக நாத்தனாரான ப்ரியாவிடம்தான் வந்தாள். "நங்கையா, நீங்க இல்லீன்னா நாங்க இன்னும் ரோட்டுலதானுங்க நின்னிருப்போம். இணைச்சீர் முடிஞ்சுதுங்களா? போட்டோ காட்டுங்க, நீங்க நின்னதைப் பாக்கோணும்."

பின்னாலேயே வந்த பெண்ணின் தாய் சொன்னார்: "கூடப் பொறந்த அக்கா இருக்கறப்ப அவதானுங்க நிக்கோணும்னு நாங்க நிச்சயத்தன்னிக்கே சொல்லிப்போட்டமே. பட்டு உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க அம்மணி."

மண்டபத்தில் மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மனோஜ் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ப்ரியா தன் தாயை ஒரு முறை பார்த்தாள், தம்பியை ஒரு முறை பார்த்தாள். சொல்லு, இப்போதே போட்டு உடை என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"ரித்திகா நின்னா கண்ணு. நல்லபடியா நடந்துச்சு" என்றாள் ப்ரியா. "நான் டிராபிக்ல மாட்டிக்கிட்டேன்."

பெண் வீட்டார் "அடடா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். அம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மானத்தைக் காப்பாத்திப்போட்ட கண்ணு."

"உங்களுதைத்தானுங்கம்மா" என்று சொல்லி, ப்ரியா கையை உருவிக்கொண்டாள்.