கும்பிட்டதில் போன ரயில்

போடிக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் பாறை மேட்டில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அன்று அந்த மேட்டைச் சுற்றியே காய் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானுக்குப் போன மகள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேருகிற நாள்.

வீடியோவில் அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, ரயில விட்டுட்டேன்."

முதல் நாளே தாமதமானால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கு அவளைவிடப் பயம்.

"ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட கேளு ஆத்தா."

"இங்க ஆளே இல்லம்மா."

போனைச் சுற்றிக் காட்டினாள். சின்ன நடைமேடை, ஒரு மரக்கொட்டகை, பெஞ்சில் யாரோ தைத்துப் போட்ட மெத்தை, சுற்றிலும் வயல். டிக்கெட் கொடுக்கவும் ஆளில்லை, கொடி காட்டவும் ஆளில்லை. இப்படியும் ஒரு ஸ்டேஷன் கட்டுவார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கண்ணு முன்னாடி நின்ன வண்டிய எப்படிடீ விட்ட?"

ஒரே பெட்டி வண்டியாம். முன்கதவு திறக்கவில்லை. பின்கதவில் பொத்தானை அமுக்கி ஏற வேண்டும் என்று டிரைவர் கையைக் காட்டியிருக்கிறார். இவளோ அவர் வணக்கம் வைக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறாள். அவர் தலை குனிய, இவள் மறுபடி கும்பிட, வழியனுப்ப வந்த பெண் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டியை எடுத்துவிட்டார். நான் வளர்த்த மரியாதை! அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதம்மா" என்றவள், சுவரில் ஒரு பெட்டியைப் பார்த்தாள். ஆளில்லாத இடத்திலிருந்து பெரிய ஸ்டேஷனோடு பேச வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கி, "சுமிமாசேன்" என்று ஆரம்பித்தாள். மன்னிக்கணும் என்று அர்த்தம். அதை எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அதற்குள் காய் எடுத்த பெண்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "என்னக்கா, சுமைங்கிறா? லோடு எதுவும் வச்சிருக்காளா?" என்றாள் ஒருத்தி. பேசாமல் இரு என்று அதட்டினேன்.

மேற்கொண்டு எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் அவள் திக்கவில்லை என்பது விளங்கியது. போடி பஸ்சில் வண்டியை நிறுத்தச் சொல்லக்கூட என் கையைக் கிள்ளுகிறவள், பெரிய ஸ்டேஷன் ஆள் கேட்கக் கேட்க, நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வேலை எடத்துக்கு அவுகளே சொல்லிட்டாகம்மா. அடுத்த வண்டியில வந்தாப் போதுமாம். அங்க இறங்கினா கூட்டிட்டுப் போக ஆள் நிக்குமாம்."

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. வண்டி வருகிறவரைக்கும் போனை வைக்காதே, எந்தக் கதவு என்று நானும் பார்க்கிறேன் என்றேன்.

"நீ போயி சோலியப் பாரும்மா. நான் போயிக்கிருவேன்."

வைத்துவிட்டாள்.

என்னக்கா சொல்றா என்று எல்லாரும் கேட்டார்கள்.

"எம் மகளுக்கு இனி நான் வேணாமாம்டீ" என்றேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.