தேர்வு இல்லாத பள்ளி

ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை வடிகட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வளைகுடாவில், மங்காஃபில் எங்கள் வீட்டருகே இருந்த இந்தியப் பள்ளி அதை அப்படியே மதித்தது. தேர்வே கிடையாது, 'சும்மா ஒரு அறிமுகம்' மட்டும்தான். அந்த அறிமுகத்துக்காக என் மகள் பக்கத்து ஊரான ஃபஹாஹீலுக்குப் போய் டியூஷன் படித்தாள்.

அறிமுகம் முடிந்து வந்தவளிடம், "என்னம்மா கேட்டாங்க?" என்றேன்.

"மேத்ஸ், சயின்ஸ் ஒண்ணுமே கேக்கல டாடி. உங்க வேலை என்ன, வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களான்னுதான் கேட்டாங்க."

மறுநாள் இடமில்லை என்றார்கள். முதல்வரிடம் சண்டைக்குப் போனேன்.

"பிள்ளைங்கள நாங்க செலக்ட் பண்றதே இல்ல சார், ரூல் இருக்கு. பேரன்ட்ஸ மட்டும்தான் பாக்குறோம்."

இப்போது ஃபஹாஹீல் டியூஷனுக்கு நான் போகிறேன்.