ஒரு வரிசை குறைந்த செட்டை

நுளம்பு வலையின் இழைகளைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கும்போது மெல்லிய கீச்சொலி ஒன்று வரும். சுனாமிக்குப் பிந்திய இரண்டு வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது அதுதான். நிவாரணமாகக் கிடைத்த வலையில் ஒரு துண்டை வெட்டி, பாவாடையின் உள்மடிப்பில் பொருத்தி, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் பெருக்கல் குறிபோல ஒரு ‘புள்ளடி’ விழும்படி அம்மா தைப்பார். தைத்து முடிந்ததும் வலையை இழை இழையாக உருவிவிட, துணியில் ஒரு தேவதை மட்டும் நிற்கும்.

அந்தத் தேவதை பெட்டியில் வந்தது. குருக்கள்மடத்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியபின், அம்மாவும் அக்காவும் நானும் நாவற்குடாவில் மாமா வீட்டின் பின்னறைக்கு வந்திருந்தோம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. ஏதோ குளிர்நாட்டிலிருந்து வந்த உடுப்புப் பெட்டியில், எங்கள் வெயிலுக்கு யாரும் தொடமாட்டாத கம்பளிச் சட்டைகளுக்கு அடியில், கட்டம் போட்ட தாள்களில் அச்சடித்த தேவதைப் படங்களும் ஒரு கட்டு வண்ண நூலும் கிடந்தன. காளான் மேல் குந்தியிருக்கும் தேவதை, பூவுக்குள் தூங்கும் தேவதை, பிறைநிலவில் கால் ஆட்டும் தேவதை. எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று குறி போட்டிருந்ததால் மொழி தெரியாமலே தைக்கலாம். “இதுக்கு முதல்ல ஒரு பாவாடை தைச்சுக் குடு அம்மா, தொடை தெரியுதுகா” என்றாள் அக்கா. தம்பியைக் கடல் கொண்டுபோனபின் அந்த அறையில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தம்பிக்கு நாலு வயது. சுனாமி வந்த மூன்றாம் நாள், காணாமற்போனவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் “மகன் என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?” என்று கேட்டபோது அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. கடல் வந்த அன்று காலை அவனுக்கு முகம் கழுவி உடுப்பு மாற்றியவர் அவரே. நீலமா, சிவப்பா, கோடு போட்டதா என்று அவர் யோசித்து யோசித்து நின்ற ஒரு பகலுக்குள் அடையாளம் தெரியாதவர்கள் எல்லோரையும் ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். கட்டாரில் வேலை செய்த அப்பா வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அம்மாவை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், “நீலமோ?” என்று தனக்குள்ளே கேட்பார்.

அதனால்தான் எங்கள் உடுப்புகளில் ஒன்று விடாமல் தேவதை ஏறியது. காளானை விட்டுவிட்டுத் தேவதையை மட்டும் தைப்பார். சிறகின் நிறத்தில்தான் வித்தியாசம்: அக்காவினதுக்கு நீலச் செட்டை, என்னுடையதுக்கு மஞ்சள் செட்டை. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது வரிசை. அக்காவுக்குக் குட்டையான பாவாடை எனக்கு வரும்போது நீலத்தை அவிழ்த்து மஞ்சளைத் தைக்கவேண்டும். அப்படி ஒரு மரூன் பாவாடை எனக்கு வந்தபோது அந்த வேலையை அம்மா என்னிடமே விட்டார். நான் எண்ணிக்கையில் பிசகிவிட்டேன். “இடப்பக்கம் ஒரு வரிசை குறையுது, அவிழ்த்துத் தை புள்ள” என்று அம்மா சொன்னார். “தைச்சிட்டன்” என்று மறுநாள் பொய் சொன்னேன். அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழிந்த ஒரு மாரிக்காலம். மூன்று நாளாக விடாத மழையில் ஒன்றும் காயவில்லை. அக்கா செங்கலடிக்கு ரியூஷனுக்குப் போகவேண்டும். அதற்கு அவள் எப்போதும் உடுக்கும் பச்சைப் பாவாடை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போயிருந்த நேரம் அவள் என் மரூன் பாவாடையை எடுத்து, இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டாள். “அது என்ட” என்று நான் பிடித்து இழுத்தேன். “போடி, இது உனக்கு இரவல் தந்தது. பின்னேரம் கழட்டித் தாறன்” என்று என் தலையில் குட்டிவிட்டுப் போனாள்.

பின்னேரம் பஸ் வந்தது. வழியில் இயக்கத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் அதை மறித்து, அக்காவையும் சேர்த்து மூன்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

முறைப்பாடு எழுத வந்தவர், என்ன உடுப்பு என்ற அதே கேள்வியைக் கேட்டார். அம்மா மூச்சு விடாமல் சொன்னார்: “பச்சைப் பாவாடை. உள்மடிப்பில ஒரு தேவதை, நீலச் செட்டை. இந்த முறை எனக்குத் தெரியும் ஐயா.” அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்ததை என்ன என்று எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் பின்வளவுக்குப் போய், கொடியிலிருந்த பச்சைப் பாவாடையை எடுத்து, ஈரத்தோடு என் புத்தகப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிறகொரு நாள் பார்த்தபோது அது அங்கே இல்லை. பெட்டியை ஒதுக்கியபோது எங்கேயோ தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் மரூனில் போனாள் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று எத்தனையோ முறை கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மாறியிருக்காது என்று வரும், மறுமுறை மாறியிருக்கும் என்று வரும்.

யுத்தம் முடிந்தது. முகாம்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். துணித்துண்டு ஒன்றில் நீலச் செட்டைத் தேவதையைத் தைத்து எடுத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு வாசலாகப் போனார். தேவதையைத் தேடும் தாய் என்று வாவிக்கு அக்கரையிலும் கதை பரவியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு பிள்ளை தோணி ஏறி எங்களிடம் வந்தாள். இருபது வயது இருக்கும். ஒரு கையில் மூன்று விரல்.

“அங்க ஒருத்தரும் சொந்தப் பேர் சொல்றதில்லம்மா” என்றாள். “என்னோட ஒராள் இருந்தவ. பையில ஒரு மரூன் பாவாடை வச்சிருந்தா. மடிப்பில தேவதை, மஞ்சள் செட்டை, ஒரு பக்கம் கொஞ்சம் குட்டை. அதைத் தடவித் தடவிச் சிரிப்பா. கடைசியில அவட முகத்தை அதாலதான் மூடினம்.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதினைந்து வயது. அம்மா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“அது என்ட மகள் இல்ல புள்ள” என்றார் அவளிடம். “என்ட மகள்ர செட்டை நீலம்.” அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, மூன்று விரல் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் போனபின் வெகுநேரம் அழுதார். “அந்தப் பெத்தவளுக்கு ஆர் சொல்றது?” என்றார்.

இடப்பக்கம் குறைந்ததை அம்மா மறந்துவிட்டார் என்றே நான் நம்பினேன். என்னால் சொல்ல முடியவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் சொல்ல நினைத்தேன், பிள்ளை பிறந்தபோது நினைத்தேன். வருஷத்தில் ஒருதரமாவது, மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாளில், அம்மா அதே கேள்வியைக் கேட்பார்: “அந்தப் பெத்தவளுக்கு ஆராவது சொல்லியிருப்பாங்களா?” தெரியாது என்பேன்.

இப்போது என் மகளுக்கு நாலு வயது. பாலர் பாடசாலைக்குப் போகுமுன் தினமும் அவளை நிறுத்தி, தலை முதல் கால் வரை போனில் ஒரு படம் எடுக்கிறேன். கணவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். கட்டம் போட்ட அந்தத் தாள்கள் எப்போதோ கறையானுக்குப் போய்விட்டன. போனில் தேடினால் தேவதைப் படங்கள் ஆயிரம் வருகின்றன. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. போன கிழமை பேத்தியின் புதுச் சீருடையை மடியில் வைத்து, நினைவிலிருந்தே தைத்தார். நான் நீலம், மஞ்சள், றோஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தேன். அவர் மஞ்சளை எடுத்தார்.

என் பழக்கத்தில் நான் எண்ணினேன். வலப்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் எட்டு. இன்னொருதரம் எண்ணினேன்.

“அம்மா, இடப்பக்கம் ஒரு வரிசை குறையுது.”

அவர் நிமிரவில்லை. “ஓம். அவள் உடுத்துக்கொண்டு போனதில இருந்த மாதிரித்தான் தைக்கிறன்.”

நான் அவருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். கதவு நிலையில் நின்ற என்னை அவர் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றை அந்தப் பாரத்தோடு விடக்கூடாது என்று நினைத்தாரா, என் வாயால் சொல்லட்டும் என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாரா? அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சீருடையை என் பக்கம் தள்ளினார்.

“வலையை நீ உருவு மகள். எனக்குக் கண் தெரியுதில்ல.”

உருவினேன். இப்போது வரும் வலை வழுவழுப்பானது. ஒரு சத்தமும் வரவில்லை.